கூட்டம் பாடிய சரணம்

"எனக்கு ஒரே ஒரு விலாசம் வேணும் மேடம். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்ததும் பல் டாக்டர் சொன்ன முதல் பேச்சே அதுதான். நாற்பதை நெருங்கும் வயது. ஒட்ட வெட்டிய நகங்கள், ஓயாமல் கழுவி வெளுத்துப்போன விரல்கள். தோள்பையைக் கீழே வைக்காமல் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கீழ்த்தளத்துச் சலவைக்கடையிலிருந்து இஸ்திரிச் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அந்த அறைக்கு வந்தால் உடனே கைக்குட்டையைத் தேடுவார்கள். இந்தம்மாவுக்கு வியர்க்கக்கூட இல்லை.

எதிரே இருந்தவரை எல்லோரும் அண்ணி என்றே அழைத்தார்கள். காவல்துறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கணவரின் தம்பி உதவிக்கு வந்து சேர்ந்து, வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிடிபட்ட திருடர்கள்கூட அப்படித்தான் அழைத்தார்கள். அந்தக் கொழுந்தன் கார் ஓட்டப் பயிற்சி தருபவர். பரபரப்பு வந்தால், இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்துவார்.

"யாரோட விலாசம்?" என்றார் அண்ணி.

"என் தம்பியைக் கொன்னவனோடது."

டாக்டரின் தம்பி ஒரு ராக் இசைக் குழுவின் கிட்டார்க் கலைஞன். போன மாதம் நடந்த கச்சேரியில், கடைசிப் பாட்டு முடிந்ததும் வழக்கம்போல் முதல் ஆளாக மேடையின் பின்பக்கம் இருட்டில் ஓடினான். கூட்டம் கத்திக் கூப்பிட்டதும் திரும்பி வந்து இன்னொரு பாட்டு வாசிப்பது அவர்கள் வழக்கம். பின்பக்கம் சக்கரம் வைத்த இரும்புப் படி ஒன்று எப்போதும் மேடையோடு ஒட்டி நிற்கும். அன்று அது ஒரு கை நீளம் தள்ளி நின்றது. ஆள் உயரத்தைவிட அதிகமான மேடை. கீழே சிமெண்ட் தரை.

"படிக்குப் பொறுப்பு மேடைக்காரன். சக்கரத்தைப் பூட்டாம விட்டிருக்கான். கவனக்குறைவுன்னு கேஸ் போட்டு, ஜாமீன்லயும் விட்டுட்டாங்க. நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். மறுநாளே வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிட்டான்."

"விலாசம் கிடைச்சா என்ன பண்ணப் போறீங்க?"

"வலி தெரியாம பல்லு பிடுங்கறது என் தொழில் மேடம்." டாக்டரின் குரல் ஏறவே இல்லை. "வலி தெரியற மாதிரி பிடுங்கவும் தெரியும்."

கொழுந்தனின் வலது கால் தரையை அழுத்தியது.

அண்ணி தண்ணீர் டம்ளரை டாக்டர் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா?"

"எல்லாக் கச்சேரிக்கும் போவேன். பதிவு பண்ணுவேன்." அதைச் சொல்லும்போதுதான் அந்த முகத்தில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. "மிளகு அளவு மைக் ரெண்டு, கண்ணாடிக் காம்புல பக்கத்துக்கு ஒண்ணு. பதிவுக் கருவி இடுப்புப் பையில. கூட்டத்துக்கு நடுவுல ஒரு இடம் பிடிச்சு நின்னுட்டா அசையக் கூடாது. தலையைத் திருப்பினா இடது வலதா மாறிடும். பக்கத்துல எவனாவது தும்மினா அது காலத்துக்கும் நிக்கும். கூடப் பாடக் கூடாது. கை தட்டக் கூடாது. ஊரே என் தம்பிக்குத் தட்டுச்சு. நான் மட்டும் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல மேடம். தட்டினா என் கைச் சத்தம்தான் பதிவாகும்."

டாக்டர் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"அவன் விழுந்து கிடக்கான். அப்பவும் தலையை ஆட்டாம நிக்கறேன், அவன் திரும்பி வந்து வாசிப்பான்னு. கருவி ஓடிக்கிட்டே இருந்துச்சு."

"அந்தப் பதிவை அப்புறம் கேட்டீங்களா?"

"முடியல. குழுவோட மேனேஜர் சார் பண்ண பதிவையும் கேக்கல. அவர் ரொம்ப நல்ல மனுஷன். துக்கம் கேக்க வந்தவர் என் கையைப் பிடிச்சுட்டு அழுதார். 'கடைசிப் பாட்டை நானும் கூட்டத்துக்கு நடுவுல நின்னுதான் கேட்டேன் டாக்டர், போனைச் சட்டைப்பையில வெச்சுப் பதிவு பண்ணேன். நடுச் சரணத்துல ஜனங்க எவ்வளவு சந்தோஷமா சேர்ந்து பாடினாங்க, மெய் சிலிர்த்துடுச்சு'ன்னார். அதை அஞ்சலியா இணையத்துல போட்டிருக்கார். ஊரே கேக்குது."

"மேனேஜர் எத்தனை நாள் பழக்கம்?"

"குழு ஆரம்பிச்சதே அவரும் பாடகரும்தான். முன்னாடி அவரே கிட்டார் வாசிச்சவர். என் தம்பி வந்ததும் ஒதுங்கி வழிவிட்டார். யாருக்கு வரும் அந்த மனசு?"

அண்ணி எழுந்து ஜன்னலைச் சற்றே திறந்துவிட்டார். "விலாசம் தர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க பண்ண பதிவு எனக்கு வேணும்."

டாக்டர் பையைத் திறந்து கருவியை எடுத்தார். மேசை மேல் வைத்துவிட்டு விரல்களை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

*

மறுநாள் காலை இருவரும் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். முதலில் டாக்டருடையது. மூச்சுகூடக் கேட்காத, ஆடாத பதிவு. இரண்டாவது சரணம் தொடங்கியதும் 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு பாடகனின் குரல் காணாமல் போனது. எங்கோ தொலைவில் டிரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் விசில், ஊளை. "யோவ், ஸ்பீக்கரைப் போடுய்யா!" என்று பக்கத்தில் ஒருவன் கத்தினான். பிறகு யாரோ ஒரு பெண் சரணத்தின் வரியை எடுத்துக் கொடுக்க, பத்துப் பேர், நூறு பேர், கடைசியில் அரங்கமே பாடியது. சரணம் முடியும் நேரத்தில் மறுபடி 'டப்'. குரல் திரும்பி வந்தது. கூட்டம் கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது.

அடுத்து மேனேஜருடையது.

"இதுதான் அண்ணி பதிவு!" என்றார் கொழுந்தன். "தேன் மாதிரி ஓடுது. டாக்டரம்மாவோடதுல நடுவுல பாட்டே செத்துப் போகுது. இதுல பாடகன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. பின்னாடி ஜனங்களும் பாடறாங்க."

"பின்னாடின்னா?"

"தூரத்துல. சுவருக்கு அந்தப் பக்கம் பாடற மாதிரி."

"கூட்டத்துக்கு நடுவுல நின்னவருக்கு, கூட்டம் ஏன் தூரத்துல கேக்கணும்?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தார். பிறகு விட்டுக்கொடுக்காமல், "ஒலிப்பதிவுப் பெட்டியிலேருந்தே நேரா எடுத்திருப்பாரோ?" என்றார்.

"சட்டைப்பைன்னு அவரே சொன்னார். துணி உரசற சத்தமும் கேக்குது, பார். சரி, மூணாவது சரணத்துக்குப் போ."

மூன்றாவது சரணத்தின் நடுவே 'கிரீ...ச்' என்று நீளமாக ஒரு கதறல் எழுந்தது.

"கிட்டார் அண்ணி. அந்தப் பையன் இப்படித்தான் கதற விடுவானாம். ரசிகர்கள் உயிரையே விடுவாங்களாம்."

"இப்ப டாக்டரம்மாவோடதுல அதே இடம். ஸ்பீக்கரெல்லாம் நல்லாத்தான் ஓடுது. அந்தக் கதறலைக் காட்டு."

கொழுந்தன் திரும்பத் திரும்பத் தேடினார். இல்லை. அவருடைய கால் இந்த முறை பிரேக்கை அழுத்தியதில் மேசையே நகர்ந்தது.

*

அரங்கத்தில் ஒலியமைப்பாளர் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கொட்டாவியும் தாடியுமாக இருந்த மனிதர். அண்ணி ஸ்பீக்கர் பேச்சை எடுத்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆமாம்மா, போச்சு. வெளி ஸ்பீக்கருக்குப் போற லைன் மொத்தமா போச்சு. மானம் போன மாதிரி இருந்துச்சு."

"மேடையில இருந்தவங்க ஏன் நிறுத்தல?"

"அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே? மேடை மேல அவங்க கேக்கறதுக்குன்னு தனி ஸ்பீக்கர், தனி லைன். அது பாட்டுக்கு ஓடுச்சு. வெளிச்சம் கண்ணைக் கூசும், கூட்டம் தெரியாது. மேடையிலயும் மேடைக்குப் பின்னாலயும் இருந்தவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது."

"அப்புறம் நீங்க சொல்லலையா?"

ஒலியமைப்பாளர் கேபிளைக் கீழே போட்டார். "பையன் செத்துக் கிடக்கான். ஸ்பீக்கர் போச்சுன்னா போய்ச் சொல்லுவேன்? எவனும் கேக்கல, நானும் சொல்லல."

வெளியே வந்ததும் கொழுந்தன் துள்ளினார். "பிடிச்சுட்டோம் அண்ணி! போய் அமுக்கிடலாம்!"

"காதுல கேட்டதை வெச்சு அமுக்க முடியாது. முதல்ல மேடைக்காரரைப் பாக்கணும்."

அது எளிதாகவே முடிந்தது. மேடைக்காரருடைய மச்சானுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கொழுந்தன்தான். மச்சானின் டயர் கடைப் பின்கட்டில், பழைய டயர்களுக்கு நடுவே ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார் மேடைக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"பூட்டினேன் மேடம். நாலு சக்கரத்தையும் பூட்டி, காலால உதைச்சும் பாத்தேன். அப்புறம் மேனேஜர் வந்து, முன்பக்கம் வயர் தடுக்குது, போய்ப் பாருன்னார். போனேன். வயரெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. போலீஸ்ல சொன்னேன். 'அவர் கூட்டத்துக்குள்ள இருந்தாரே, பதிவே இருக்கே'ன்னு சிரிச்சாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த டாக்டரம்மா வாசல்ல வந்து நின்னப்போ, எனக்கே நான் பூட்டினேனான்னு சந்தேகம் வந்துடுச்சு."

*

இரண்டு நாள் கழித்து ஒரு மதிய வேளையில் எல்லோரும் அரங்கத்தில் கூடினார்கள். தம்பியின் நினைவாக ஓர் இசைத்தட்டு, அதற்கு யோசனை கேட்க வேண்டும் என்று டாக்டரின் பெயரால் அழைப்பு. மேனேஜர் வெள்ளைச் சட்டையில், முதல் ஆளாக வந்திருந்தார். பாடகரும் ஒலியமைப்பாளரும் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்காரர் தூணோடு தூணாக ஒட்டி நின்றார். வாசலருகே மின்விசிறியைப் பார்த்தபடி நின்றவர், அண்ணியிடம் ஒரு காலத்தில் வேலை பழகிய இன்ஸ்பெக்டர். அது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் உள்ளே வந்ததும் மேடைக்காரரைப் பார்த்துவிட்டார். நடை நின்றது. கை பைக்குள் போனது.

"பையைக் குடுங்க," என்றார் அண்ணி.

"என் சாமான் இருக்கு அதுல."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். விலாசம் தர்றேன்னு சொன்னேன், ஆளையே காட்டறேன். கை காலியா இருந்து கேளுங்க."

டாக்டர் அசையவில்லை. பிறகு பையைக் கொழுந்தனிடம் நீட்டினார். உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்டதும், வெடிக்கப் போவதைப் பிடித்திருப்பவர்போலக் கொழுந்தன் கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார்.

அண்ணி மேனேஜர் பக்கம் திரும்பினார். "உங்க பதிவு பிரமாதம் சார். எங்க நின்னு எடுத்தீங்க?"

"இதோ, இங்கதான்." மேனேஜர் அரங்கின் நடுவே போய் நின்று காட்டினார். "பாட்டு ஆரம்பிச்சதுலேருந்து முடியற வரைக்கும் ஓரடி நகரல."

"ரெண்டாவது சரணத்துல கூட்டம் பாடுச்சே, ஏன் பாடுச்சு?"

"என்ன கேள்வி மேடம் இது? பாட்டு அவங்களுக்கு உயிர். பாடகர் பாட, இவங்களும் கூடச் சேர்ந்து பாடினாங்க."

ஒலியமைப்பாளர் தலை நிமிர்ந்தது.

"அதுக்கு முன்னாடி வேற ஏதாவது நடந்துச்சா?"

"வேற என்ன? ஒண்ணும் இல்லையே."

"டாக்டரம்மா நீங்க காட்டற இடத்துக்குப் பக்கத்துலதான் நின்னாங்க. அவங்க பதிவையும் கொஞ்சம் கேளுங்க."

அண்ணி கருவியை முடுக்கினார். 'டப்.' குரல் செத்தது. ஊளை, விசில், "யோவ், ஸ்பீக்கரைப் போடுய்யா!" அண்ணி அந்த இடத்திலேயே நிறுத்தினார். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட ஓடவிடவில்லை.

மேனேஜரின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"அன்னிக்கு இந்த அரங்கத்துல நின்ன ஒவ்வொருத்தருக்கும் அந்தச் சரணத்துல பாடகர் குரல் கேக்கல," என்றார் அண்ணி நிதானமாக. "உங்க சட்டைப்பைக்கு மட்டும் கேட்டுச்சு. மூச்சு வாங்கறதுகூடக் கேட்டுச்சு. அந்தக் குரல் அப்போ ஒரே இடத்துலதான் கேட்டுது, மேடை மேல இருந்த ஸ்பீக்கர்கிட்ட. நீங்க மேடைக்குப் பின்னால இருந்தீங்க. வெளி ஸ்பீக்கர் போனது தெரியாததால, அந்தப் பதிவே உங்களைக் காட்டிக் குடுக்கும்னு உங்களுக்குத் தோணல."

"பின்னாடி... ஒரு நிமிஷம் வந்திருப்பேன். ஞாபகமில்ல. அதுக்காக?"

"அதுக்காக இல்ல. மூணாவது சரணத்துல உங்க பதிவுல ஒரு கதறல் வருது. கிட்டார்னு ஊரே ரசிக்குது. டாக்டரம்மாவோட பதிவுல அது இல்ல. கிட்டாரா இருந்தா எல்லாருக்கும் கேட்டிருக்கணுமே." அண்ணி தூண் பக்கம் பார்த்தார். "படியைக் கொஞ்சம் தள்ளுங்க."

மேடைக்காரர் பின்னால் போனார். பூட்டை விடுவிக்கும் சத்தம். அடுத்த கணம் இரும்புச் சக்கரம் சிமெண்டில் உருண்டது.

'கிரீ...ச்.'

பாடகர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். கொழுந்தன் பக்கத்தில் டாக்டர் கல்லாக நின்றார்.

மேனேஜர் ஓடவில்லை. மேடை விளிம்பில் போய் உட்கார்ந்தார். பேசத் தொடங்கியபோது, பல நாள் தேக்கி வைத்திருந்ததைத் திறந்துவிட்டவர்போல இருந்தார்.

"அந்தப் பாட்டு என்னோடது. என் கிட்டாரை வாங்கி அவன் கையில குடுத்துட்டு, ஒரே சாயங்காலத்துல என்னை மேனேஜர் ஆக்கினாங்க. போகட்டும்னு இருந்தேன். ஜன்மத்துல ஒரு பாட்டுதான் போட்டேன், அதுவாவது நிக்குதேன்னு இருந்தேன். போன வருஷம் வானொலில அவனைக் கேக்கறாங்க, இந்தப் பாட்டு எப்படிப் பொறந்துச்சுன்னு. 'மழையில பஸ்ஸுக்குக் காத்து நின்னேன், தானா வந்துச்சு'ன்னான். மழையில நின்னது நான்! அவன்கிட்ட அந்தக் கதையைச் சொன்னதும் நான்! என் பாட்டையும் எடுத்துக்கிட்டான், என் மழையையும் எடுத்துக்கிட்டான். அன்னிக்கே முடிவு பண்ணேன். என் பாட்டு முடியற இடத்துல அவனும் முடியணும்னு."

பாடகர் தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை.

டாக்டர் நடந்து போய் மேனேஜருக்கு எதிரே நின்றார். இன்ஸ்பெக்டர் ஓரடி எடுத்து வைத்தார். அண்ணி கண்ணாலேயே அவரை நிறுத்தினார்.

"என் கையைப் பிடிச்சு அழுதியே," என்றார் டாக்டர். மேனேஜர் சார் என்ற பேச்செல்லாம் போய்விட்டிருந்தது. "உன் பாட்டுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சிருப்பேன். நான் அவனுக்கு அக்கா."

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"சரி. உனக்கு ஒண்ணு தெரியணும். ஸ்பீக்கர் போன பிறகு என்ன நடந்துச்சு தெரியுமா?"

"ஜனங்க பாடினாங்க. தூரத்துல கேட்டுச்சு."

"கூடச் சேர்ந்து பாடினாங்கன்னு நினைச்சே. கூடப் பாட அங்க யார் இருந்தா? பாடகர் குரல் இல்ல, கிட்டார் இல்ல. ஒரு பொண்ணு எடுத்துக் குடுத்தா. அப்புறம் அரங்கமே பாடுச்சு. எவனும் வரியை விடல. முழுச் சரணம். நீ மழையில நின்னு போட்ட பாட்டு, யாரோட உதவியும் இல்லாம, அது பாட்டுக்கு நின்னுச்சு. நான் நடுவுல நின்னேன். அந்த மாதிரி ஒண்ணை என் வாழ்க்கையில கேட்டதில்ல."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "முழுசாவா?"

"முழுசா."

"அது... அந்தக் கருவியில இருக்கா?"

"இருக்கு. ரெண்டு காதுக்கும் தனித்தனியா, சுத்தி நின்ன ஒவ்வொரு தொண்டையும். அதுக்காகத்தானே நான் கைகூடத் தட்டாம நின்னேன்."

மேனேஜர் கையை நீட்டினார். தன்னை மறந்து, தண்ணீர் கேட்பவர்போல. "ஒரு தடவை டாக்டர். ஒரே ஒரு தடவை."

டாக்டர் அண்ணியிடமிருந்து கருவியை வாங்கினார். வயரை விரலில் பொறுமையாகச் சுற்றினார். சுற்றி முடித்ததும் அதைத் தம் இடுப்புப் பையில் போட்டு மூடினார்.

"படியைத் தள்ளினே இல்ல," என்றார். "அந்தச் சத்தத்தையே கேட்டுட்டு இரு."

இன்ஸ்பெக்டர் வந்து தோளைத் தொட்டபோது மேனேஜர் எழுந்தார். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பி அந்த இடுப்புப் பையையே பார்த்துக்கொண்டு போனார். டாக்டர் முகத்தில் இரக்கத்தின் நிழல்கூட இல்லை. மேடைக்காரருக்கு முன்னால் போய் நின்று, "உங்களைத்தான் முதல்ல தேடினேன்," என்று மட்டும் சொன்னார். அந்தப் பெரிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் பயிற்சிக் காரைக் கிளப்பிவிட்டும் கியரைப் போடவில்லை.

"கொலைகாரன்தான் அண்ணி, ஒத்துக்கறேன். ஆனாலும் அவன் பாட்டாச்சே. ஒரு தடவையாவது கேக்க விட்டிருக்கலாம். அந்தம்மாவுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"உனக்கு அப்படித்தான் தோணும் தம்பி," என்றார் அண்ணி. "உன் அண்ணன் வீட்டுல சாப்பிடாம உனக்காகக் காத்துட்டிருக்கார். வண்டியை எடு."